ஆலையும் மரபும்

இங்கிலாந்தில் தைத்தஸ் சால்ட் என்பார் 1853-இல் கம்பளியாலையொன்றைத் திறந்து, அதனைச் சூழத் தொழிலாளர்க்கு வீடும் பள்ளியும் மருத்துவமனையும் கட்டுவித்தார். சால்டயர் எனும் அவ்வாலையூரை யுனெஸ்கோ 2001-இல் உலக மரபிடமாக ஏற்றது.

கருவடிக்குப்பத்திற்குத் தெற்கே எழுந்த புதுவைப் பஞ்சாலைகளின் வரலாறோ வேறு. புதுவையின் நீலத்துணி மேலையாப்பிரிக்கா வரை கப்பலேறியது. ஆலையில் உழைத்தோர்க்கோ ஓய்வு அரிதாயிற்று. 1936 சூலை 30-ஆம் நாள் உரிமை வேண்டிப் போராடிய தொழிலாளருள் 12 பேர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையாயினர். அதன் பயனாக 1937-இல் 8 மணிநேர வேலை சட்டமாயிற்று.

அங்கு முதலாளி ஈந்தது ஊர். இங்குத் தொழிலாளர் ஈட்டியது உரிமை. 1898-இல் தோன்றிய ஆங்கிலோ-பிரெஞ்சு ஆலை 2020-இல் மூடப்பெற்றது. எஞ்சிய சுவரைக் காப்போர், அப்பன்னிருவர் நினைவையும் உடன் காத்தல் கடனாம். அஃதின்றேல் சுவர் வெறுஞ் செங்கல்லே என்க.