தாமதமாக வாய் திறந்தாலும் நியாயம் உண்டு!

கோர்ட்டு, கேஸ் என்றாலே நமக்கெல்லாம் வயிற்றைக் கலக்கும். அதிலும் கும்பிடப் போன இடத்தின் மேலேயே வழக்குப் போடுவதா? "ஐயோ, தெய்வ குற்றம்!" என்று காதைப் பொத்திக்கொள்வோம்.

அமெரிக்காவில், லூசியானா மாநிலத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கும் இந்தச் சங்கடம் வந்தது. லாஃபயட் மறைமாவட்டத்தில் கில்பர்ட் கோத்தே என்ற பாதிரியார், பூசையில் உதவ வந்த சிறுவர்களைச் சீரழித்திருந்தார். விஷயம் தெரிந்ததும், பிள்ளையின் பெயர் கெட்டுவிடுமே என்று பயந்து, ரகசியமாகப் பணம் வாங்கிக்கொண்டு ஒதுங்கியவர்கள் உண்டு. ஒரு குடும்பம் மட்டும், "மூடி மறைக்க மாட்டோம்" என்று கோர்ட்டுக்குப் போனது. பாதிரியாருக்கு 1985-ல் இருபது வருஷச் சிறை. அது போக, அந்தக் குடும்பத்துக்குப் பன்னிரண்டரை லட்சம் டாலர் நஷ்டஈடு தரவேண்டும் என்று 1986-ல் ஜூரி தீர்ப்புச் சொன்னது.

சிவில் வழக்கு எதற்கு?

குற்றவாளியை ஜெயிலுக்கு அனுப்புவது கிரிமினல் வழக்கு. அதை நடத்துவது அரசாங்கம். நியாயமான சந்தேகம் இருந்தால் குற்றவாளி தப்பிவிடலாம். நஷ்டஈடு கேட்பது சிவில் வழக்கு. இதைப் பாதிக்கப்பட்டவரே போடலாம். இங்கே தராசுத் தட்டு நம் பக்கம் சற்றுச் சாய்ந்தாலே போதும். சொந்தப் பெயரை மறைத்து, புனைபெயரில் வழக்குப் போடவும் பல கோர்ட்டுகள் அனுமதிக்கின்றன. ஜெயித்தால் மட்டும் கிடைக்கும் தொகையில் ஒரு பங்கு ஃபீஸ் என்று வக்கீல்கள் ஒத்துக்கொள்வதும் அங்கே வழக்கம்.

பாதிரியார் மேல் மட்டுமல்ல, மறைமாவட்டத்தின் மேலும் வழக்குப் போடலாம். "இவர் இப்படிப்பட்டவர் என்று தெரிந்தும் வேறு ஊர் சர்ச்சுக்கு மாற்றி அனுப்பினீர்களே, ஏன்?" என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் தேட, பூட்டி வைத்த ஃபைல்களையெல்லாம் கோர்ட்டு வரவழைக்கலாம். பாஸ்டனில் 2002-ல் அப்படி வெளிவந்த காகிதங்கள்தான் உலகத்தையே உலுக்கின. அந்த டிசம்பரில் கர்தினால் பெர்னார்ட் லா பதவி விலகினார். 2003-ல் 552 பேருக்கு எட்டரைக் கோடி டாலர் தர மறைமாவட்டம் சம்மதித்தது.

காலக்கெடு என்னும் பூட்டு

அடிபட்ட குழந்தை உடனே சொல்லுமா? பயம், வெட்கம், "சாமியாரைப் பற்றித் தப்பாகப் பேசாதே" என்ற அதட்டல்! நாற்பது, ஐம்பது வயதில்தான் பலருக்கு வாய் திறக்கத் துணிவு வருகிறது. அதற்குள் வழக்குப் போடும் கெடு முடிந்துவிடும்.

கெடு தாண்டிய கிரிமினல் வழக்கைப் புதுச் சட்டம் போட்டு உயிர்ப்பிக்கக் கூடாது என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 2003-ல் சொல்லிவிட்டது. ஆனால் சிவில் வழக்குக்குப் பல மாநிலங்கள் கதவைத் திறந்தன. கலிபோர்னியா 2003-ல் ஒரு வருஷமும், 2020 முதல் மூன்று வருஷமும் பழைய வழக்குகளுக்கு வாய்ப்புக் கொடுத்தது. லாஸ் ஏஞ்சலஸ் மறைமாவட்டம் 2007-ல் 66 கோடி டாலரும், 2024-ல் 1,353 பேருக்கு 88 கோடி டாலரும் தர ஒத்துக்கொண்டது. நியூயார்க் 2019-ல் திறந்த கதவு 2021 ஆகஸ்டில் மூடியது. சிறு வயதில் பாதிக்கப்பட்டவர் ஐம்பத்தைந்து வயது வரை வழக்குப் போடலாம் என்றும் அதே சட்டம் கெடுவை நீட்டியது.

கையெழுத்துக்கு முன்னால்...

கோர்ட்டுக்குப் போகாமலே நஷ்டஈடு தரும் திட்டங்களும் உண்டு. நியூயார்க் மறைமாவட்டம் 2016-ல் அப்படி ஒன்றைத் தொடங்கியது. பணம் சீக்கிரம் கிடைக்கும். ஆனால் வாங்கிக்கொண்டால் அப்புறம் வழக்குப் போட முடியாது. எனவே வக்கீலிடம் காட்டாமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

இன்னொன்று, திவால். மேரிலாண்ட் மாநிலத்தில் கெடுவையே நீக்கிய சட்டம் 2023 அக்டோபர் 1-ல் அமலுக்கு வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு பால்டிமோர் மறைமாவட்டம் திவால் மனுக் கொடுத்துவிட்டது! மனுக் கொடுத்தால் தனித்தனி வழக்குகள் நின்றுவிடும். திவால் கோர்ட்டு குறிக்கும் தேதிக்குள் அங்கேயே மனுப் போடவேண்டும். தேதி தவறினால் உரிமை கைநழுவிப் போகலாம்.

பணம் வந்தால் பட்ட காயம் ஆறிவிடுமா என்று கேட்கலாம். ஆறாதுதான். ஆனால் "நீ பொய் சொல்லவில்லை, உன் மேல் தப்பில்லை" என்று ஊரறியச் சொல்ல ஒரு இடம் வேண்டாமா? பலருக்கு அதுவே பெரிய ஆறுதல்.

அந்த வார்த்தையைக் கோர்ட்டு சொல்ல வருஷக்கணக்கில் ஆகும். அம்மா சொல்ல ஒரு நிமிஷம் போதும். குழந்தை தயங்கித் தயங்கி ஏதாவது சொல்ல வந்தால், அடுப்பில் பால் பொங்கினாலும் பரவாயில்லை, முதலில் உட்கார்ந்து கேளுங்கள். நம்புங்கள். சொன்ன தேதியைக் குறித்து வையுங்கள், டாக்டர் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். என்றைக்காவது அந்தக் கதவைத் தட்ட நேர்ந்தால், அவைதான் உங்கள் பிள்ளைக்குக் கை கொடுக்கும்.