குழலுக்குள் மாட்டிக்கிட்ட குண்டு

ப்ரூஸ் லீயோட மகன் பிராண்டன் லீ எப்படி செத்தார்னு கேட்டா நம்மூர்ல ஆளுக்கொரு கதை சொல்வாங்க. குடும்ப சாபம், சீன மாஃபியா, அப்பாவைக் கொன்னவங்களே மகனையும் போட்டாங்க... இப்படி. நிஜம் இதைவிட சாதாரணம், அதனாலயே இன்னும் பயங்கரம். துப்பாக்கிக் குழலுக்குள்ள ஒரு குண்டு மாட்டியிருந்தது. அதை யாரும் பார்க்கலை. அவ்வளவுதான்.

1993 மார்ச் 31, அமெரிக்காவில் வில்மிங்டன் நகரத்துல 'தி க்ரோ' படப்பிடிப்பு. அதுக்கு முன்னாடி குளோசப் காட்சிக்காக நிஜத் தோட்டாவைப் பிரிச்சு, மருந்தைக் கொட்டிட்டு, குண்டை மறுபடி சொருகி 'டம்மி' செஞ்சிருக்காங்க. ஆனா அடியில இருக்கிற பிரைமரை எடுக்கலை. யாரோ விசையை அழுத்த, பிரைமர் மட்டும் வெடிச்சு, குண்டைத் தள்ளிக் குழலுக்குள்ள நிறுத்திடுச்சு. வெளியே அனுப்புற அளவுக்கு அதுக்கு வலு இல்லை. பிறகு அதே ரிவால்வர்ல வெத்துத் தோட்டா போட்டு சுட்டாங்க. வெத்துத் தோட்டாவுல குண்டுதான் கிடையாது, மருந்து உண்டே! மாட்டியிருந்த குண்டு நிஜக் குண்டு மாதிரியே பாய்ஞ்சது. பிராண்டனுக்கு அப்ப வயசு 28.

பலெர்மோவுல படிக்கப் போனவன் துப்பாக்கி பத்தி எழுதறானே, மாஃபியாவுல சேர்ந்துட்டானான்னு கேக்காதீங்க மக்கா :-) இந்த ஊருக்கும் இந்த விஷயத்துக்கும் தொடர்பு இருக்கு.

இங்க கோர்ஸோ தெய் மில்லேன்னு ஒரு நீளமான சாலை. 'ஆயிரவர் சாலை'ன்னு சொல்லலாம். அதுல 12-ஆம் நூற்றாண்டுப் பாலம் ஒண்ணு, பேரு பொந்தே தெல்லம்மிராலியோ. ஆற்றைத் திருப்பி விட்டுட்டதால இப்ப பாலத்துக்குக் கீழ தண்ணியே கிடையாது, புல்தரைதான். 1860 மே 27 விடிகாலையில கரிபால்டியோட ஆட்கள் சண்டை போட்டு பலெர்மோவுக்குள்ள நுழைஞ்சது இந்தப் பாலம் வழியாத்தான். ஊருக்குள்ள இருந்த எதிரிப்படை சுமார் 20,000 பேர். இவங்களோட மர்சாலாவுல இறங்கினது ஆயிரம் பேரும் கொஞ்சமும். நல்ல ரைபிள்கள் மிலான் நகரத்துல சேர்த்து வச்சிருந்தும், அங்கிருந்த ஆளுநர் மாஸிமோ தஸெல்யோ எடுத்துட்டுப் போகவிடலை. பெரும்பாலானவங்க கையில இருந்தது பழைய, துருப்பிடிச்ச மஸ்கெட்டுகள்.

அந்தக் காலத்துத் துப்பாக்கியில மருந்தையும் குண்டையும் வாய் வழியாப் போட்டு, கம்பியால இடிச்சுக் கெட்டிக்கணும். நம்மூர் நாட்டுத் துப்பாக்கி மாதிரியேதான். கரிமருந்து எரிஞ்சா குழல் முழுக்கப் பிசுக்கு படியும். பத்து இருபது தடவை சுட்டதும் குண்டு பாதி வழியில நின்னுடும். குண்டுக்கும் மருந்துக்கும் நடுவுல இடைவெளியோட சுட்டா குழல் வீங்கும், இல்லை வெடிக்கும்.

ஸ்கூல்ல படிச்ச 1857 ஞாபகம் இருக்கா? என்ஃபீல்டு தோட்டாவுல மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு, சிப்பாய்கள் கொதிச்சாங்க, மார்க் வாங்கியாச்சு. ஆனா கொழுப்பை எதுக்குத் தடவினாங்கன்னு எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. குண்டு குழலுக்குள்ள மாட்டாம வழுக்கிப் போகத்தாங்க! அப்படியும் வெயில்ல கொழுப்பு உருகி, டெல்லி முற்றுகையில ஆங்கிலேயர்களுக்கே குண்டு இறங்க மறுத்தது. பிறகு குண்டோட விட்டத்தையே குறைச்சாங்க.

சண்டை நடுவுல என்ன நடக்கும்னு இன்னொரு கணக்கு. 1863-ல அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க் போர் முடிஞ்சதும் களத்துல 27,574 துப்பாக்கிகளைப் பொறுக்கி எடுத்தாங்க. சுமார் 24,000-ல மருந்து நிரப்பியபடியே இருந்தது. அதுல பாதியில இரண்டு தடவை நிரப்பியிருந்தது. ஒண்ணுல 23 தடவை! முதல் குண்டு வெளியே போகலைங்கிறதே அந்த ஆளுக்குத் தெரியலை.

சரி, மாட்டினதை எப்படி எடுக்கிறது? வாய்வழித் துப்பாக்கின்னா முதல்ல கேப்பை எடுத்துடணும். அடுத்து கேப்பு மாட்டுற துளை வழியாத் தண்ணி விட்டு மருந்தை நனைச்சுச் சாகடிக்கணும். அதுக்கப்புறம்தான் கம்பி நுனியில திருகாணி மாட்டி, ஈயக் குண்டுக்குள்ள திருகி இழுப்பாங்க.

இந்தக் கால ரைபிள்னா கொஞ்சம் வேற. என்.சி.சி.யில பாயிண்ட் 22 சுட்டவங்க கவனிங்க:

1. 'டமால்'னு கேக்க வேண்டியது 'புஸ்'னு கேட்டாலோ, தோள்ல உதையே இல்லைன்னாலோ உடனே நிறுத்துங்க. குழல் இலக்குப் பக்கமே இருக்கட்டும். ஒரு நிமிஷம் காத்திருங்க, தாமதமா வெடிக்கிற தோட்டாவும் உண்டு.

2. மேகசினைக் கழட்டி, போல்ட்டை முழுசா வெளிய எடுத்துட்டு, பின்பக்கமிருந்து வெளிச்சம் அடிச்சுப் பாருங்க. வாய்ப்பக்கம் கண்ணை வைக்கவே கூடாது.

3. முழுத் தோட்டாவே உள்ள மாட்டியிருந்தா கம்பியால இடிக்காதீங்க. அது வெடிக்கும். ஆர்மரர்கிட்ட விட்டுடுங்க.

4. குண்டு மட்டும்தான்னா, கம்பியை உள்ள விட்டு, அடையாளம் போட்டு, வெளியே வச்சுப் பார்த்தா எங்க நிக்குதுன்னு தெரியும். ரெண்டு பக்கமும் எண்ணெய் விட்டு ஊற வைப்பாங்க. குழலுக்குச் சரியாப் பொருந்துற, நுனி தட்டையான பித்தளைக் கம்பியால, எந்தப் பக்கம் தூரம் குறைவோ அந்தப் பக்கமாத் தட்டி எடுப்பாங்க. இரும்புக் கம்பி உள்வரியைக் கீறும். மரக்குச்சி பிளந்து அதுவும் சேர்ந்து மாட்டிக்கும்.

5. எடுத்த பிறகு குழல்ல வீக்கமோ வளையமோ தெரிஞ்சா அந்தக் குழலுக்கு ஓய்வு.

இன்னொரு தோட்டா போட்டுச் சுட்டா அது தள்ளிட்டுப் போயிடும்னு மட்டும் நினைக்காதீங்க. அடைச்ச குழல்ல அழுத்தம் ஏறிக் குழல் கிழிஞ்சா, போறது சுடுறவன் கையும் முகமும்தான்.

எங்க நிக்குதுன்னு முதல்ல கண்டுபிடிங்கற விதி உடம்புக்கும் பொருந்தும். 1862 ஆகஸ்ட் 29-ல ஆஸ்ப்ரோமோந்தேவுல கரிபால்டிக்கே கணுக்கால்ல குண்டு பாய்ஞ்சது. எக்ஸ்ரே இல்லாத காலம். உள்ள குண்டு இருக்கா இல்லையான்னே மருத்துவர்களுக்குள்ள சண்டை. பிரெஞ்சு மருத்துவர் நெலாத்தோன், நுனியில மெருகு பூசாத பீங்கான் வச்ச ஒரு கம்பியை உருவாக்கினார். உள்ள விட்டுத் தேய்ச்சா, எலும்புன்னா கறை வராது, ஈயம்னா கருப்பா ஒட்டும். ஒட்டியது! அந்த நவம்பர்ல ஸானெத்தி என்கிற மருத்துவர் குண்டை வெளியே எடுத்தார்.

டிஸ்கி: நம்ம நாட்டுல 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுது பார்க்குற தொழிலுக்கே லைசென்ஸ் வேணும். அதனால ஊர்ல லைசென்ஸ் துப்பாக்கி வச்சிருக்கிற மாமா, சித்தப்பா யாராவது 'அட, ஒரு கேப்பு போட்டா போயிடும்டா'ன்னு சொன்னா, பிராண்டன் லீ கதையைச் சொல்லி, கடைக்கு எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க.