ஏற்காட்டில் ஒரு கிலோ கேக்: 208 ரூபாயும் 20 வளைவுகளும்

சேலத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஏற்காடு போய்ச் சேர்வதற்குள் தலையணை மாதிரி உப்பிவிடும். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,515 மீட்டர். இந்த உயரத்தில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறக்குறைய 17 சதவீதம் குறைவு. பாக்கெட்டை உப்ப வைக்கும் அதே கணக்குதான் கேக் மாவிலும் வேலை செய்கிறது. சென்னையில் ஒரு ஸ்பூன் பேக்கிங் பவுடர் கிளப்பும் வாயு, இங்கே சுமார் 20 சதவீதம் கூடுதல் இடம் கேட்கும். மாவு வெந்து இறுகுமுன்பே குமிழ்கள் பெருத்து உடைவதால், இருபதாவது நிமிடம் கண்ணாடி வழியே அழகாக எழும்பித் தெரிந்த கேக், முப்பதாவது நிமிடம் நடுவில் குழியாகி நிற்கும். தண்ணீரும் 95 டிகிரியிலேயே கொதிப்பதால் ஈரம் சீக்கிரம் பறந்து ஓரம் வறண்டுவிடும்.

இதைச் சரிசெய்ய என்ன செலவு? ஒரு கப் மைதாவுக்கு, அதாவது 120 கிராமுக்கு, பேக்கிங் பவுடரில் ஒரு கிராமைக் குறைக்க வேண்டும். சர்க்கரையில் ஒரு மேசைக்கரண்டி, 12 கிராம், குறைய வேண்டும். 30 மில்லி பால் கூட வேண்டும். ஓவன் சூட்டை 175-லிருந்து 185 டிகிரிக்கு ஏற்றி, முட்டை அடிப்பதை நுரை கெட்டியாகும் முன்பே நிறுத்திவிட வேண்டும். பவுடரில் 40 காசும் சர்க்கரையில் 54 காசும் மிச்சம், பாலில் 1 ரூபாய் 80 காசு கூடுதல். ஆக, மலை கேட்கும் அபராதம் 86 காசு. கட்ட மறுத்தால் போவது முழு ஸ்பாஞ்ச்.

இனி மொத்தக் கணக்கு. ஒரு கிலோ வெனிலா கிரீம் கேக்கை எடுத்துக்கொள்கிறேன். விலைகள் கணக்குக்காக வட்டமாக வைத்தவை. உங்கள் கடை விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம். மைதா 6 ரூபாய், பாகுக்கும் சேர்த்துச் சர்க்கரை 148 கிராம் 6.70, எண்ணெய் 7.50, பால் 70 மில்லி 4.20, பேக்கிங் பவுடரும் எசென்ஸும் 4.60. முட்டை நான்கு, 28 ரூபாய். முட்டைக்குப் பேர்போன நாமக்கல் பக்கத்து மாவட்டமாக இருந்தும் ஸ்பாஞ்ச் செலவில் சரிபாதி அதற்கே போகிறது. கூட்டினால் 57.

அலங்காரத்துக்கு வாருங்கள். விப்பிங் கிரீம் 300 கிராம், கிலோ 220 ரூபாய் என்றால் 66. சாக்லேட் காம்பவுண்ட் 100 கிராம் 30. கலரும் பட்டர் பேப்பரும் 5. மொத்தம் 101. போர்டு, பெட்டி 40, கரண்ட் 10.

ஸ்பாஞ்ச்: 57
அலங்காரம்: 101
பெட்டியும் கரண்டும்: 50
மொத்தம்: 208

உண்ணும் கேக்குக்கு 27 சதவீதம், மேற்பூச்சுக்கு 49 சதவீதம். மைதா இரண்டு ரூபாய் ஏறிவிட்டது என்று புலம்புபவர்கள், பூ வைக்கிற நாசிலில் எவ்வளவு கிரீம் போகிறது என்று ஒருமுறை தராசில் வைத்துப் பார்க்கலாம்.

இந்த 208-ஐ நிறையப் பேர் எழுதி வைக்கிறார்கள். அடுத்த வரியைத்தான் யாரும் எழுதுவதில்லை. மாவு கலக்க 20 நிமிடம், அடுக்கிப் பூச 40, அலங்காரம் 45, பெயர் எழுதிப் பெட்டியில் வைக்க 15, பாத்திரம் கழுவ 20. ஓவன் முன்னால் காத்திருப்பதைச் சேர்க்காமலே 140 நிமிடம். மணிக்கு 100 ரூபாய் கூலி போட்டால் 233. சாமான் விலையைவிடக் கூலி அதிகம். அடக்கம் 441, 700-க்குக் கொடுத்தால் 259 மிஞ்சும். “வீட்டுலதானே சும்மா இருக்கீங்க, 500-க்குக் கொடுக்கலாமே” என்று கேட்கிற வாடிக்கையாளருக்கு இந்த 140 நிமிடம் தெரியாது.

வரிக்கணக்கு இன்னும் வேடிக்கை. 2025 செப்டம்பர் 22 முதல் கேக்குக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 ஆனது. கடையில் அடிப்படை விலை 600 என்றால், 708 ரூபாய்க்கு விற்ற கேக் 630-க்கு இறங்கியது. ஆண்டு விற்றுமுதல் 40 லட்சத்துக்கு உட்பட்ட வீட்டு பேக்கர் ஜி.எஸ்.டி. வாங்கவே இல்லை; குறைக்க அவரிடம் என்ன இருக்கிறது? வெண்ணெய் வரி 12-லிருந்து 5 ஆனதில் அமுல் 100 கிராம் 62-லிருந்து 58-க்கு வந்தது. ஒரு கேக்கின் பட்டர்கிரீமுக்கு 130 கிராம் போகும். லாபம் 5 ரூபாய் 20 காசு. எதிர்க்கடைக்கு 78, இவருக்கு 5.

பட்டர்கிரீம் என்றதும் மலைக்கு ஒரு சாதகம் உண்டு. 130 கிராம் வெண்ணெயும் 170 கிராம் ஐசிங் சர்க்கரையும் 89 ரூபாய், விப்பிங் கிரீமைவிட 23 கூடுதல். ஆனால் ஃப்ரீசர் வேண்டாம், கரண்ட் போனால் பதற வேண்டாம். ஏற்காட்டுக் குளிரில் போட்ட ரோஜா கலையாமல் நிற்கும். அதே கேக் மே மாதம் சேலத்துக்கு இறங்கினால் கதை வேறு: வெண்ணெய் 32, 35 டிகிரியில் உருகும்; அங்கே வெயில் 40-ஐத் தொடும்.

இறங்குவதற்கான செலவு தனி. சேலம் சுமார் 30 கிலோமீட்டர், போக வர 60, நடுவில் 20 கொண்டை ஊசி வளைவுகள். காரில் 4 லிட்டர் பெட்ரோல், லிட்டர் 102 என்றால் 408 ரூபாய். 259 லாபம் போய்க் கையிலிருந்து 149 போட வேண்டும். பைக்கில் 136தான், 123 மிஞ்சும்; ஆனால் அடுக்கு கேக்கை பைக்கில் வைத்து 20 வளைவு திருப்பியவர்கள் கேக் எந்தப் பக்கம் சாய்ந்தது என்று வளைவு எண்ணோடு சொல்வார்கள்.

அதனால்தான் என் ஓட்டு கப்கேக்குக்கு. அதே மாவில் 45 கிராம் வீதம் 12 வரும். கிரீம் 360 கிராம் 79, தூவல் 10, காகிதக் கப் 12, ஆறு குழிப் பெட்டி இரண்டு 70, கரண்ட் 6. ஸ்பாஞ்சோடு சேர்த்து 234. சாமான் செலவு பெரிய கேக்கைவிட 26 ரூபாய் அதிகம்தான். கைவேலையோ 80 நிமிடம், கூலி 133. ஒன்று 50 வீதம் 600-க்கு விற்றால் மிச்சம் 233. கூலியையும் லாபத்தையும் சேர்த்து மணிக்கணக்கில் வகுத்தால் பெரிய கேக் 211 ரூபாய் தருகிறது, கப்கேக் 274. குழிக்குள் உட்கார்ந்திருப்பதால் வளைவுகளில் சாய்வதும் இல்லை.

இன்னொன்று. மலைக்காகக் கூடுதலாக ஊற்றும் அந்த 30 மில்லி பாலாகத்தான் இருக்க வேண்டுமா? சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் இந்தச் சேர்வராயன் மலையில் காபி வைத்தார். இன்றும் தோட்டம் பக்கத்திலேயே இருக்கிறது. 10 கிராம் தூளில் கெட்டி டிகாஷன் இறக்கி ஆறவைத்து ஊற்றினால் செலவு 8 ரூபாய், பாலைவிட 6 ரூபாய் 20 காசு கூடுதல். ஒரு கப்கேக்குக்கு 52 காசு. காபி கப்கேக் என்று 5 ரூபாய் ஏற்றிச் சொன்னாலும் 12-க்கு 60 ரூபாய்.

சேலம் ஆர்டரை விடவும் மனமில்லை என்றால் ஒரே நாளில் நான்கைச் சேர்த்து ஒரே நடையாகக் காரில் கொண்டுபோகலாம். பெட்ரோல் தலைக்கு 102; பெரிய கேக்கில் 157 நிற்கும், கப்கேக்கில் 131. மூன்றுக்குக் கீழே ஆர்டர் இருந்தால், டெலிவரிப் பணத்தைத் தனி வரியாக பில்லில் எழுதுங்கள்.