பூனைக்கு முடி கொட்டுதா? முதல்ல தோலைப் பாருங்க

இந்த வாரக் கேள்வி சாமல்பட்டியில இருந்து வந்திருக்கு. கேட்டவர் பர்கூர் சிப்காட் பக்கம் வேலைக்குப் போறவர். வீட்ல ஒரு பூனை. கோடையில ஆரம்பிச்ச முடி கொட்டல் இன்னும் நிக்கலையாம். யூனிஃபார்ம் பேன்ட்ல முடி, தலையணையில முடி, டீ டம்ளர்ல முடி. "இது நிக்கலைன்னா யாருக்காவது கொடுத்துடு"ன்னு அம்மா சொல்லிட்டாங்க. என்ன பண்ணலாம்னு கேட்கிறார்.

இணையத்துல தேடினா வசந்த காலத்துலயும் இலையுதிர் காலத்துலயும் பூனைக்கு முடி கொட்டும்னு போட்டிருக்கும். அது குளிர் நாடுகளோட கணக்கு. பூனையோட முடி சுழற்சியை முக்கியமா நடத்துறது பகல் நீளம். லண்டன்ல கோடைப் பகலுக்கும் குளிர்காலப் பகலுக்கும் கிட்டத்தட்ட ஒன்பது மணி நேர வித்தியாசம். கிருஷ்ணகிரி மாவட்டத்துல அது சுமார் ஒன்றரை மணி நேரம்தான். போதாததுக்கு ராத்திரி பதினோரு மணி வரைக்கும் டியூப்லைட் எரியுது. பூனையோட உடம்புக்கு எது சீசன்னு எப்படித் தெரியும்? அதனால வீட்டுக்குள்ளயே இருக்கிற பூனைக்கு வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா கொட்டிக்கிட்டே இருக்கும். நிக்கணும்னு காத்திருந்தா நிக்காது.

சரி, இது சாதாரணக் கொட்டலா, நோயான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? தரையில விழுந்த முடியை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. உடம்புல மிச்சம் இருக்கிறதைப் பாருங்க. நல்ல வெளிச்சத்துல முடியை விலக்கி முதுகு, வால் அடி, வயிறு, காது ஓரம் எல்லாம் பாருங்க. தோல் சுத்தமா, முடி எல்லா இடத்துலயும் சமமா இருந்தா அது சாதாரணக் கொட்டல். திட்டுத் திட்டா வழுக்கை, பொருக்கு, செதில், புண் இருந்தா கதையே வேற.

வால் அடியில முடி போயிருந்தா முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி மேல வரணும். சீப்புல வர்ற கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் துணியில தேய்ச்சுப் பாருங்க. செம்பழுப்பா கரைஞ்சா அது தெள்ளுப்பூச்சியோட கழிவு, அதாவது செரிச்ச ரத்தம். வட்டமா முடி உதிர்ந்து செதில் இருந்தா படர்தாமரையா இருக்கலாம். அது பூஞ்சைத் தொற்று, மனுஷங்களுக்கும் ஒட்டும். வீட்ல குழந்தை கையில வட்டமா அரிப்பு வந்திருந்தா ரெண்டையும் சேர்த்து யோசிங்க. வயிறு மட்டும் மழமழன்னு இருந்தா பூனை அளவுக்கு மீறி நக்குதுன்னு அர்த்தம். அரிப்பு, வலி, மன அழுத்தம், எதுவா வேணா இருக்கலாம். இந்த மூணுல எதைப் பார்த்தாலும் கால்நடை மருத்துவர்கிட்ட போயிடுங்க.

இங்க ஒண்ணை அழுத்திச் சொல்லணும். தெள்ளுப்பூச்சின்னு தெரிஞ்சதும் பக்கத்து வீட்டு நாயோட சொட்டு மருந்தை வாங்கிப் பூனை கழுத்துல விடாதீங்க. நாய்க்கான சில மருந்துகள்ல பெர்மெத்ரின் இருக்கும். நாய் அதைத் தாங்கும். பூனையோட கல்லீரலால அதைச் சரியா உடைச்சு வெளியேத்த முடியாது. நடுக்கம், வலிப்பு வந்து செத்தே போகலாம். தெரியாம விட்டுட்டீங்கன்னா அடுத்த நாள் வரைக்கும் பார்க்கலாம்னு இருக்காதீங்க, உடனே மருத்துவமனைக்குத் தூக்கிட்டு ஓடுங்க. மருந்து டப்பாவையும் கையோட எடுத்துக்கங்க.

தோல் நல்லா இருக்கா? அப்போ மிச்சம் சீப்பு வேலைதான். பூனை நாக்குல தொண்டைப் பக்கம் வளைஞ்ச குட்டிக் குட்டி முட்கள் இருக்கு. அதுங்களோட நுனி குழிவா, கரண்டி மாதிரி இருந்து எச்சிலை முடியோட அடி வரைக்கும் கொண்டு போகுதுன்னு 2018-ல ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் காட்டினாங்க. அருமையான சீப்புதான், ஆனா அதுல வர்ற முடி முழுக்க வயித்துக்குள்ள போகுது. நீங்க சீவி எடுக்கிற ஒவ்வொரு முடியும் சோபாவுக்கும் போகாது, வயித்துக்கும் போகாது. எப்பவாவது முடி உருண்டையைக் கக்கினா பரவாயில்ல. திரும்பத் திரும்ப வாந்தி எடுத்து, சாப்பாட்டையும் ஒதுக்கினா குடல்ல அடைப்பு இருக்கலாம், தாமதிக்காதீங்க.

நாட்டுப் பூனைக்கு ரப்பர் கையுறை பிரஷ்ஷே போதும், வாரம் ரெண்டு மூணு தடவை. பெர்ஷியன்னா தினமும் சீவணும், வேற வழியே இல்ல. பெங்களூரு பக்கத்துல இருந்து ஆசையா வாங்கிட்டு வர்றவங்ககிட்ட இதை யாரும் சொல்றதில்ல. சாப்பிட்டு அசந்து கிடக்கும்போது ரெண்டு நிமிஷம், முடி வளர்ற திசையிலயே சீவுங்க. வால் ஆட ஆரம்பிச்சா நிறுத்திடுங்க. சிக்கு விழுந்தா கத்தரிக்கோல் வேண்டாம். தோல் ரொம்ப மெல்லிசு, சிக்கோட சேர்ந்து மேல வந்து வெட்டுப்பட்டுடும். மொட்டை அடிக்கிறது, நம்ம ஷாம்பு போடுறது, ரெண்டும் வேண்டாம்.

வீட்டைப் பொறுத்தவரை, துடைப்பத்தால பெருக்கினா முடி பறந்து வேற இடத்துல உட்காரும். ஃபேனை நிறுத்திட்டு ஈர மாப் போடுங்க. சோபாவை ஈரமான ரப்பர் கையுறையால ஒரே பக்கமா தடவினா முடி சுருண்டு வந்துடும்.

கடைசியா சாப்பாடு. முடிங்கிறது பெரும்பாலும் புரதம். பூனையோ கறி தின்னுற உடம்பு. நம்ம வீடுகள்ல அதுக்குக் கிடைக்கிறது பால் சாதம், தயிர் சாதம், என்னைக்காவது ஒரு மீன் தலை. இதுல முடி பளபளன்னு எப்படி வரும்? டாரின்னு ஒரு சத்து பூனைக்குக் கட்டாயம் வேணும், அது சோத்துல கிடையாது. அது குறைஞ்சா இதயமே பலவீனமாகும்னு 1987-லயே நிரூபிச்சுட்டாங்க. நாய் உணவும் சரிப்படாது. பூனைக்குன்னே செஞ்ச முழுமையான உணவை, பழைய சாப்பாட்டோட கலந்து ஒரு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. பலன் நாளைக்கே தெரியாது, புது முடி முளைச்சு வரணும். ஒன்றரை மாசம் கழிச்சு முதுகைத் தடவிப் பாருங்க.