கட்டளை கிடைக்கவில்லை



திருப்பூரில் பனியன் துணி பின்னும் ‘நிட்டிங்’ கூடத்துக்குள் நீங்கள் சென்றிருந்தால் ஒரு காட்சியைக் கண்டிருப்பீர்கள். வட்டமாகச் சுழலும் எந்திரம் திடீரென நிற்கும். சிறு விளக்கொன்று எரியும். எங்கோ ஒரு நூல் அறுந்துவிட்டது என்பது அதன் பொருள். பழகிய தொழிலாளி எந்திரத்தை அப்படியே மீண்டும் ஓட்டமாட்டார். ஓட்டினால் துணியில் ஓட்டை விழும். விளக்கெரியும் பக்கம் சென்று, அறுந்த நூலை முடிச்சிட்டு, அதன் பிறகே விசையை அழுத்துவார். கணினியில் நிரல் எழுதும் கருவிகளை நிறுவும்போது தோன்றும் பிழைச் செய்திகளும் அத்தகைய விளக்குகளே.

சென்ற ஆண்டு, பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருத்தி என் இல்லத்துக்கு வந்தாள். அவள் தமையனுக்கு அரசு வழங்கிய பழைய மடிக்கணினியில் அவன் நண்பர் ஒருவர் டெபியன் என்னும் லினக்ஸ் வகையைப் பதிந்து கொடுத்திருந்தார். (சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்பதும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதே.) சி பிளஸ் பிளஸ் செய்முறைத் தேர்வுக்கு இருபது நாட்களே இருந்தன. “கெட்டுப் போய்விட்டது ஐயா; விற்றுவிடலாம் என்கிறார் அம்மா” என்றாள். அந்த அம்மையார் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்பவர். வேறு கணினி வாங்க அவரால் இயலாது.

நிரலை மொழிமாற்றும் ‘ஜி பிளஸ் பிளஸ்’ என்ற கட்டளையை இட்டோம். ‘கட்டளை கிடைக்கவில்லை’ என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி வந்தது. நாம் ஒரு பெயரைத் தட்டியதும், ‘பாத்’ என்னும் பட்டியலிலுள்ள கோப்பகங்களில் மட்டுமே கணினி அப்பெயரைத் தேடும். அங்கு இல்லையெனில் இவ்வாறு கூறும். கருவி நிறுவப்படவே இல்லை என்று தெரிந்தது.

நிறுவ முயன்றோம், ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்றது. நிருவாகியின் உரிமை தரும் ‘சூடோ’ என்ற சொல்லை முன்னே சேர்த்தோம். இப்பொழுது, அப்படியொரு தொகுப்பே தனக்குத் தெரியாது என்றது. செய்தி மாறியது என்றால் ஒரு நூல் முடிச்சிடப்பட்டு, அடுத்தது அறுந்திருக்கிறது என்று பொருள். தொகுப்புகளின் பட்டியலைப் புதுப்பிக்க ‘ஆப்ட் அப்டேட்’ இட்டோம். அதுவும் நின்றது.

இவ்விடத்தில் நான் தவறினேன். செய்தியைப் படிக்காமலே அரைமணி நேரம் இணைய இணைப்பைக் குறை கூறிக்கொண்டிருந்தேன். மாணவிதான் எழுத்துக்கூட்டிப் படித்தாள்: “இந்தக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்கிறது, ஐயா.” இன்னுமா? வருங்காலத்துக் கோப்பா? திரையின் மூலையைப் பார்த்தேன். 2016ஆம் ஆண்டு என்றிருந்தது!

மடிக்கணினி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓடவைக்கும் சிறு மின்கலம் தீர்ந்திருந்தது. இணையத்தின்வழி நேரத்தைத் தானே திருத்தும் வசதியையும் எவரோ அணைத்து வைத்திருந்தனர். தொகுப்புப் பட்டியலில் நாளும் கையொப்பமும் உண்டு. நாள் பொருந்தாவிட்டால் ‘ஆப்ட்’ அதை ஏற்காது. பொய்ப் பட்டியலோ காலங்கடந்த பட்டியலோ நுழையாதிருக்க வைத்த காவல் அது. அவ்வசதியை இயக்கி நாளைத் திருத்தியதும் பட்டியல் தடையின்றி இறங்கியது. ‘பில்ட் எசென்ஷியல்’ என்ற தொகுப்பின் வாயிலாக மொழிமாற்றியும் வந்து சேர்ந்தது.

மாணவி நிரலை மொழிமாற்றி, ‘எண்கள்’ என்ற பெயரிட்டு இயக்கினாள். மீண்டும் ‘கட்டளை கிடைக்கவில்லை’! அவள் முகம் வாடியது. செய்தி பழையது, காரணம் புதியது. நிரல் கண்ணெதிரே இருந்தாலும், நாம் நிற்கும் கோப்பகம் ‘பாத்’ பட்டியலில் இல்லை. தீயவர் ஒருவர் வழக்கமான கட்டளையின் பெயரில் ஒரு போலி நிரலை அங்கு வைத்துவிடக்கூடும் என்பதால் அதை வேண்டுமென்றே சேர்ப்பதில்லை. ‘இங்கேயே உள்ளதை இயக்கு’ என்று உணர்த்தப் பெயருக்கு முன் ஒரு புள்ளியும் சாய்கோடும் இட வேண்டும்.

இட்டாள். 1 முதல் 10 வரை எண்கள் வரிசையாய் இறங்கின. வேலை முடிந்து மகளை அழைத்துச் செல்ல வந்த தாயார், வாயிலில் நின்றபடியே, “ஓடுதுங்களா?” என்று கேட்டார்.