வெளியே போகாமலே விண்மீன்களுக்கு இடையே உள்ள வாயுவை அளந்தது எப்படி?

சூரியனின் எல்லைக் குமிழியைத் தாண்டிய முதல் விண்கலம் வாயேஜர் 1. கிளம்பி 35 வருஷம் கழித்து, 2012 ஆகஸ்ட்டில் தாண்டியது. ஆனால் அங்கே இருக்கும் வாயுவில் எவ்வளவு ஆக்ஸிஜன், எவ்வளவு நியான் என்று கேட்டால் அதனிடம் பதில் இல்லை. அதன் பிளாஸ்மா கருவி 1980-லேயே பழுதாகிவிட்டது. மின்னூட்டம் இல்லாத அணுக்களைப் பிடித்து எண்ணும் கருவி அதில் வைக்கப்படவே இல்லை.

அந்தக் கணக்கைச் சொன்னது ஐபெக்ஸ். பஸ் டயர் அளவுதான் இருக்கும் நாசா விண்கலம். 2008 அக்டோபரில் ஏவப்பட்ட இது, பூமியைச் சுற்றும் பாதையை விட்டு எங்கும் போகவில்லை.

அதெப்படி?

விண்மீன்களுக்கு இடையே வெற்றிடம் என்று நினைக்கிறோம். உண்மையில் மிக மெல்லிய வாயு இருக்கிறது. நம்மைச் சுற்றியுள்ள மேகத்தில் ஒரு லிட்டர் இடத்துக்குச் சுமார் 15 ஹீலியம் அணுக்கள்தான். ஒப்பிட்டுப் பார்க்க: நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரே ஒரு கன சென்டிமீட்டரில் உள்ள மூலக்கூறுகளை எண்ணி எழுதவே 20 இலக்கங்கள் வேண்டும்.

இந்த மேகத்தின் ஊடாக சூரியன் நொடிக்குச் சுமார் 26 கி.மீ. வேகத்தில் போகிறது. பைக்கில் போகும்போது முகத்தில் காற்று அடிப்பதைப் போல, வாயு நம்மை நோக்கி வருகிறது. மின்னூட்டம் கொண்ட துகள்களை எல்லையில் காந்தப்புலம் ஓரங்கட்டிவிடும். நடுநிலை அணுக்களை அந்த டோல்கேட் நிறுத்தாது. எல்லையிலிருந்து பூமிக்கு அருகே வர 20 வருஷத்துக்கு மேல் ஆகும், அவ்வளவுதான். வழியில் சூரியனின் தாக்கத்தில் நிறைய ஹைட்ரஜன் தொலைந்துவிடுகிறது. ஹீலியம் தாக்குப்பிடித்து வந்துசேர்கிறது.

வந்த அணு, ஐபெக்ஸ் கருவியில் வைரம் போன்ற கார்பன் பூச்சின் மீது மோதும். ஆக்ஸிஜன் அங்கே ஒரு எலெக்ட்ரானை வாங்கிக்கொள்ளும். மின்னூட்டம் வந்துவிட்டால் அதை வளைத்து, ஓடவிட்டு, குறிப்பிட்ட தூரத்தைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கலாம். ஒரே ஆற்றல் என்றால் கனமான அணு மெதுவாக வரும். ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

சிக்கல் ஹீலியமும் நியானும்தான். மந்த வாயுக்கள், எலெக்ட்ரானைக் கொடுத்தாலும் வாங்காது. ஆனால் மோதும் வேகத்தில் பூச்சிலிருந்து ஹைட்ரஜன், கார்பன், ஆக்ஸிஜன் துணுக்குகளைத் தெறிக்கவிடும். அந்தத் துணுக்குகளின் விகிதம் ஒவ்வொன்றுக்கும் வேறு. உடைந்த கண்ணாடியைப் பார்த்தே பட்டது கல்லா, பந்தா என்று சொல்லும் வேலை இது.

20 நியானுக்கு 74

2012 ஜனவரியில் முடிவு வெளியானது. வெளியிலிருந்து வரும் வாயுவில் 20 நியான் அணுக்களுக்கு 74 ஆக்ஸிஜன் அணுக்கள். நம் சூரியக் குடும்பத்தில் அதே 20 நியானுக்கு 111.

மீதி ஆக்ஸிஜன் எங்கே? ஒருவேளை அது வாயுவாக இல்லாமல், தூசியிலும் பனித்துகள்களிலும் சிக்கியிருக்கலாம். அல்லது 460 கோடி ஆண்டுகளுக்கு முன் சூரியன் பிறந்த இடமே ஆக்ஸிஜன் அதிகமுள்ள வேறு பகுதியாக இருக்கலாம். தண்ணீருக்கும் பாறைக்கும் ஆக்ஸிஜன் தேவை என்பதால் இது சின்னக் கேள்வி இல்லை.

ஒரே அளவீட்டை நம்பித் தீர்ப்பு எழுதவும் முடியாது. ஐபெக்ஸ் முதலில் காற்றின் வேகம் நொடிக்கு 23 கி.மீ. என்றது, 'காற்றே மாறிவிட்டதா' என்ற விவாதமும் கிளம்பியது. கூடுதல் வருடங்களின் தரவு சேர்ந்தபின், வேகம் பழைய 26-க்கு அருகில்தான், வாயுதான் நினைத்ததைவிடச் சூடானது என்று தெளிவானது.

ஐபெக்ஸ் கருவி ஒரே கோணத்தில் பார்ப்பதால், பூமி இந்தக் காற்றை எதிர்த்து ஓடும் ஆண்டின் முதல் சில மாதங்களில்தான் நல்ல தரவு கிடைக்கும். 2025 செப்டம்பர் 24-ல் ஏவப்பட்ட ஐமேப் விண்கலத்தில் இதே வகைக் கருவி திரும்பும் மேடையில் பொருத்தப்பட்டுள்ளது. ஆண்டின் பெரும்பகுதி பார்க்கலாம். அதன் இடம், நம் ஆதித்யா எல்1 இருக்கும் அதே 15 லட்சம் கி.மீ. தொலைவு எல்1 பகுதி. அது தேடுவதில் டியூட்டீரியமும் ஒன்று. பெருவெடிப்பில் உருவாகி, விண்மீன்களுக்குள் போனால் எரிந்து தீர்ந்துவிடும் கன ஹைட்ரஜன் இது. ஐபெக்ஸுக்குச் சிக்கியவை விரல்விட்டு எண்ணும் அளவே.