கேமராவில் சிக்குவது நிலவா, கற்பனையா?

புது தில்லி: தலைநகரின் தூசு படிந்த வானில் நட்சத்திரங்களைக் காண்பது அரிது. ஆனால், எத்தனை தெருவிளக்குகள் எரிந்தாலும் நிலவு மறைவதில்லை. வானத்தைப் படம் பிடிக்க விரும்புவோருக்கு நிலவே முதல் பாடமாக அமைவதற்கு இதுவே காரணம்.

அந்த முதல் பாடத்தில் இப்போது புதிய கேள்வி ஒன்றும் சேர்ந்துள்ளது. படத்தில் தெரிவது வானில் இருந்த நிலவுதானா என்பதே அது.

2023 மார்ச்சில் ஒருவர் நிலவின் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, கணினித் திரையில் வைத்து, சற்றுத் தொலைவிலிருந்து செல்போனில் படம் பிடித்தார். திரையில் இல்லாத பள்ளங்களும் மேடுகளும் செல்போன் படத்தில் துல்லியமாகத் தெரிந்தன. நிலவை அடையாளம் கண்டு நுணுக்கங்களை மெருகேற்றும் செயற்கை நுண்ணறிவு வசதி கேமராவில் உள்ளதாகத் தயாரிப்பு நிறுவனம் விளக்கம் அளித்தது.

அதே ஆண்டு ஆகஸ்ட் 23-ம் தேதி சந்திரயான்-3 நிலவில் தரையிறங்கியது. ஊர்தியின் சக்கரம் நிலவு மண்ணில் பதித்த தேசியச் சின்னம் என்று ஒரு படம் நாடெங்கும் பரவியது. அது விண்வெளியில் எடுக்கப்பட்ட படம் அல்ல. கணினியில் உருவாக்கப்பட்ட ஓவியம்.

பகல் வெளிச்சமே அளவு: நிலவை உள்ளபடியே படம் பிடிப்பது கடினமல்ல. இரவில் தெரிந்தாலும் அது சூரிய ஒளியில் நனையும் பாறைப் பரப்பு. எனவே, பகலில் எடுக்கும் படத்துக்கு உரிய அளவுகளே ஏறத்தாழ இதற்கும் பொருந்தும். லென்ஸ் துளை எஃப் 11, ஐஎஸ்ஓ 100, விநாடியில் நூறில் ஒரு பங்கு என்பது முழுநிலவுக்கு நெடுநாளாகக் கூறப்படும் அளவு. கேமராவைத் தானியங்கி முறையில் விட்டால், சுற்றியுள்ள இருளைக் கண்டு அது வெளிச்சத்தைக் கூட்டிவிடும். நிலவு வெறும் வெள்ளை வட்டமாகிவிடும்.

வானில் நிலவின் அகலம் அரை டிகிரி மட்டுமே. 200 மி.மீ. லென்ஸில்கூட அதன் பிம்பம் 2 மி.மீ.க்கும் குறைவாகவே விழும். ஆகவே, நீண்ட லென்ஸும் அசையாத முக்காலியும் தேவை. அவை இல்லாதவர்கள், சிறிய தொலைநோக்கியின் கண்ணாடியோடு செல்போனைப் பொருத்தியும் நல்ல படம் எடுக்கலாம்.

முழுநிலவு உகந்ததல்ல: புதியவர்கள் பெரும்பாலும் பௌர்ணமிக்காகக் காத்திருப்பார்கள். அன்று சூரிய ஒளி நிலவின் மீது நேராக விழுவதால் நிழல்கள் இருப்பதில்லை. அமாவாசைக்கு ஏழெட்டு நாள்களுக்குப் பின், பாதி நிலவில் ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லைக்கோட்டில்தான் மலைகளின் நிழல் நீண்டு விழும். 1609-ல் கலீலியோ நிலவில் மலைகள் இருப்பதை அறிந்ததும் அந்த நிழல்களைக் கொண்டே.

பௌர்ணமிக்கு வேறோர் அழகு உண்டு. தில்லியில் கடமைப் பாதை கிட்டத்தட்ட கிழக்கு-மேற்காகச் செல்கிறது. மார்ச், செப்டம்பர் மாதங்களில் பகலும் இரவும் சமமாகும் நாள்களை ஒட்டிவரும் முழுநிலவு, விஜய் சௌக்கிலிருந்து பார்த்தால் இந்தியா கேட் இருக்கும் திசையிலேயே எழும். 42 மீட்டர் உயரமுள்ள அந்த நினைவுச் சின்னம், அங்கிருந்து இரண்டு நிலவுகளின் உயரமே இருக்கும். அடிவானத்தில் நிலவு பெரிதாகத் தோன்றுவது கண்ணின் மயக்கம். கேமரா அதற்கு ஏமாறுவதில்லை.

ஒரு புள்ளியின் மதிப்பு: உண்மைப் படத்தின் மதிப்பை உணர்த்தியவர் ஒரு தமிழர். 2019 செப்டம்பரில் சந்திரயான்-2 திட்டத்தின் விக்ரம் கலம் நிலவில் மோதி நொறுங்கியது. நாசா விண்கலம் எடுத்த பழைய படங்களையும் புதிய படங்களையும் ஒப்பிட்டு, சென்னைப் பொறியாளர் சண்முக சுப்பிரமணியன் அதன் சிதறலைக் கண்டுபிடித்தார். டிசம்பரில் நாசா அதை உறுதி செய்து அவருக்குப் பெருமை சேர்த்தது. அவருக்குத் துப்புக் கொடுத்தது, முன்பு இல்லாத ஒரு சிறு வெண்புள்ளி. படத்தை அழகாக்கும் மென்பொருள் ஏதேனும் இடையில் புகுந்திருந்தால், அந்தப் புள்ளியைப் பிழையென்று கருதித் துடைத்தெறிந்திருக்கக் கூடும்.

செயற்கையாக உருவாக்கப்படும் படங்களில் அதற்கான அடையாளம் இடம்பெற வேண்டும் என்ற வரைவு விதிகளை மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2025 அக்டோபரில் வெளியிட்டது. பரப்பப்படும் பொய்ப் படங்களை விதிகள் தடுக்கக்கூடும். ஆனால், படம் எடுப்பவரே அறியாமல் கேமராவுக்குள் நிகழும் மாற்றத்தை அவர்தான் கவனிக்க வேண்டும்.

மெருகேற்றும் வசதியை அணைத்துவிட்டு, மூலப் படத்தை அழிக்காமல் வைத்திருப்பது அதற்கான எளிய வழி. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்கிறது அரசியல் சாசனத்தின் 51ஏ பிரிவு. சற்றே மங்கலாக இருந்தாலும், தாமே எடுத்த உண்மையான நிலவுப் படமும் அந்தக் கடமையில் சேர்த்திதான்.